குறைந்தபட்சம்

அதகாமாவில் நண்பகலுக்கு விலை கிடையாது.
பிழையில்லை, திரையில் அப்படித்தான் வரும்:
பதினொன்றரையிலிருந்து பூஜ்யம்,
மாலை ஐந்தேகால் வரை பூஜ்யம்.
மழையா, அது யார் என்று கேட்கிற பாலையில்
வெயில் கொட்டிக் கிடக்கிறது, அள்ள ஆளில்லை.
ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே, சந்தியாகோவில்,
ஜன்னலே இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து
வேண்டாம் என்று சொல்கிறவன் நான்.
தொலைபேசியை எடுத்து
"முப்பது மெகாவாட் குறையுங்கள்" என்பேன்.
அங்கே மைல் கணக்கில் பலகைகள்
வானத்தைப் பார்த்தபடி சும்மா இருக்கத் தொடங்கும்.

அதே மணியில்
துறைமுகத்தில் நிலக்கரி எரிந்துகொண்டிருக்கும்.
அதனிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை.
கொதிகலனுக்கு ஒரு குறைந்தபட்சம் உண்டு:
நூற்றிருபது. அதற்குக் கீழே போனால்
தீ அணையும், குழாய் வெடிக்கும் என்று
நிறுவனமே எழுதி, நிறுவனமே ஒப்பமிட்டு,
விதிப்புத்தகத்தில் பின்னிணைப்பு நான்கு.
பதினோரு வருடம் அதை யாரும் உரசிப் பார்க்கவில்லை,
நான் உட்பட.

என் மனைவியின் அக்காள் யாஸ்னா அந்தத் துறைமுகத்தில்தான்,
மீன் பதனிடும் கொட்டகையில் வேலை.
வெள்ளைத் துணியை வெளியே காயப்போட மாட்டாள்.
ஏன் என்று கேட்டேன்.
"உன் குறைந்தபட்சம் வந்து விழும்" என்றாள்.

போன மார்ச்சில் ஆணையத்திலிருந்து ஒருத்தி போனாள்,
ஹிமேனா சோக்கே.
கடன் வாங்கிய பாதுகாப்புக் காலணி, இரண்டு அளவு பெரிது.
"இறக்கிப் பார்க்கலாமா?" அவ்வளவுதான் கேட்டாளாம்.
இரண்டு நாள்.
நூற்றுப்பத்தில் மேலாளர் தண்ணீர் கேட்டார்.
தொண்ணூறில் பொறியாளர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.
எழுபத்தொன்றில் தீ சற்றே நடுங்கியது.
அறுபத்தெட்டில் நின்று எரிந்தது.
அவள் அறுபத்தெட்டு என்று எழுதினாள்.
வேறொன்றும் எழுதவில்லை.

ஐம்பத்திரண்டு.
கழிக்க எனக்குத் தெரியும்.
பதினோரு வருட நண்பகல்களால் பெருக்கத்தான்
கை வரவில்லை.

ஜூலையில் விதி மாறியது, கூடவே நேரத்துக்கொரு கட்டணம்.
மலைமேல் செம்புச் சுரங்கம்
கல் அரைப்பதைப் பகலுக்கு நகர்த்திக்கொண்டது.
டன்னுக்கு ஆகும் செலவு குறைந்ததாம்;
ஆண்டறிக்கையில் உற்பத்தித்திறன் என்ற சொல் பத்தொன்பது இடத்தில்,
எண்ணினேன், வேலை ஓடாத ஒரு நாள்.
இரவுப்படி போன எண்பது பேர் எந்தப் பக்கத்திலும் இல்லை.
அவர்களில் ஒருவன் தான்கோ, யாஸ்னாவின் கணவன்.
"ராத்திரி மகளோடு சாப்பிடுகிறேன்" என்றான்,
"வீட்டுக்கடனும் கூடவே உட்கார்ந்து சாப்பிடுகிறது."

இன்னொன்று. இதைச் சொல்லாமல் விட்டால்
என் கூட்டாளிகள் என்னைப் பொய்யன் என்பார்கள்.
வெயில் சாயும்போது கொதிகலனை விரட்டி ஏற்றுகிறோம்.
அந்த அரைமணி புகை கறுத்துத்தான் போகிறது,
யூனிட்டுக்கு யூனிட் பார்த்தால் பழையதைவிட மோசம்.
வெல்டர் எலியாசார் விளக்கைப் பிடித்துக்கொண்டு
குழாய்களில் மயிரிழை விரிசல் தேடுகிறான்;
ஏறி இறங்கி ஏறினால் இரும்புக்கும் அலுக்கும் என்கிறான்.
நாள் முழுக்கக் கூட்டினால் புகை குறைவு.
கூட்டினோம், மூன்று முறை, குறைவுதான்.
அந்த அரைமணிக்கு நேர் கீழே
யார் வீடு என்பது கூட்டலில் வரவில்லை.

நேற்றும் தொலைபேசியை எடுத்தேன்,
முப்பதில்லை, ஒன்பது.
பலகைக்காரன் நம்பாமல் இன்னொரு தரம் கேட்டான்.
வைத்த கையோடு யாஸ்னாவிடமிருந்து ஒரு படம்:
கொடியில் வெள்ளைப் படுக்கைவிரிப்பு, காற்றில் உப்பி,
பின்னால் கடல், ஓரத்தில் புகைபோக்கி பாதி.
கீழே எழுதியிருந்தாள்:
"நாலரைக்கு எடுத்துவிடுவேன்."